வீட்டு வேலைக்குள்ளே இருக்கிற இன்பம்

திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் கேள்வி இது. நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்தவர். இப்போது அடுக்குமாடியில் குடியிருக்கிறார். கணவர், ஆறு வயது மகன். “வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் வேலையாகவே கழிகிறது. எங்கள் ஆச்சியும் இதே வேலைகளைத்தான் செய்தாள். அவள் முகத்தில் ஒரு நிறைவு இருந்தது. எனக்கு ஏன் அது வரவில்லை? அன்றாட வீட்டு வாழ்க்கையில் அழகையும் சந்தோஷத்தையும் காண என்ன வழி? அதற்குச் சடங்கு மாதிரி ஏதாவது வேண்டுமா? பையனையும் சேர்த்துக்கொள்ளலாமா?”

வழி இருக்கிறது. அதற்கு முன்னால் ஆச்சியின் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாற்பது வருஷத்துக்கு முந்தைய நாஞ்சில்நாட்டு அடுக்களை எனக்கு நன்றாகத் தெரியும். விறகடுப்புப் புகை, கிணற்றுத் தண்ணீர், பத்துப் பன்னிரண்டு பேருக்குச் சோறு. அந்த வேலைகளின்போது ஆச்சி முகம் நிறைந்திருந்திருக்காது. உங்கள் நினைவில் நிற்பவை வேறு சில நிமிஷங்கள். யோசித்துப் பாருங்கள். பூ கட்டிக்கொண்டு இருந்திருப்பாள். விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டு இருந்திருப்பாள். நடையில் கால் நீட்டி உட்கார்ந்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டு இருந்திருப்பாள். மற்ற வேலைகள் அவளை விரட்டின. இவற்றை மட்டும் அவள் தன் நேரத்தில், தன் கைப்போக்கில் செய்தாள்.

நான் சொல்ல வருவது இதைத்தான். வீட்டு வேலை மொத்தத்தையும் இன்பமாக்க முடியாது, முயலவும் வேண்டாம். செய்கிற வேலைகளில் ஒன்றிரண்டைப் பிரித்தெடுங்கள். அதற்கென்று ஒரு நேரம், அதற்கென்று ஒரு பாத்திரம் கொடுத்து, அந்த நேரத்தில் வேறு எதையும் உள்ளே விடாமல் செய்யுங்கள். கொஞ்ச நாளில் அது சடங்காகிவிடும். மீதி வேலைகளை எவ்வளவு சீக்கிரம் முடிக்க முடியுமோ முடியுங்கள். மிக்சியும் வாஷிங் மெஷினும் அதற்குத்தானே வந்தன.

நான் இருப்பது நாகர்கோவிலை அடுத்த தோவாளைப் பக்கம் ஒரு கிராமத்தில். 31 வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள். அதனால் நடுநடுவே கொஞ்சம் வேதியியல் வரும். ஒரு காரியம் ஏன் அப்படி நடக்கிறது என்று தெரிந்தால் அதைப் பார்க்கிற ருசி கூடுகிறது.

விளக்கிலிருந்து தொடங்குகிறேன். ஏனென்றால் நான் வெறுத்த வேலை அது. கல்யாணமாகி வந்தபோது மாமி வீட்டில் ஐந்து பித்தளை விளக்குகள். வெள்ளிக்கிழமைக்காக வியாழன் சாயங்காலமே அத்தனையையும் தேய்த்துக் கவிழ்த்திவிட வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு, பஸ் பிடித்து வந்து, சேலை மாற்றுவதற்குள் மாமியின் குரல் வரும். “மக்கா, வெளக்கெல்லாம் அங்கணத்துல எடுத்து வச்சிருக்கேன், பாத்துக்கோ.” கையில் புளி, மனசில் கோபம். இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. பிள்ளைப்பேற்றுக்கு அம்மை வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்த வியாழக்கிழமை, பாத்திரம் கழுவுகிற இடமான அங்கணத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து என் கணவர் விளக்குத் தேய்த்துக்கொண்டிருந்தார். மாமிக்கு முட்டுவலி, வேறு ஆள் இல்லை, அவராகவே ஆரம்பித்திருக்கிறார். நான் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பக்கத்தில் சும்மா இருந்தேன்.

சும்மா இருந்த அன்றைக்குத்தான் அந்தக் காரியம் என் கண்ணில் பட்டது. கறுத்துப் போன தண்டில் புளி பட்ட இடம் முதலில் லேசான ரோஜா நிறத்துக்கு வெளுக்கும். சாம்பல் போட்டுத் தேய்க்கத் தேய்க்க மஞ்சள் மேலேறி வரும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. காற்றும் ஈரமும் பட்டு அதன்மேல் ஆக்சைடு படலம் படிகிறது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் அந்தப் படலத்தைக் கரைத்து எடுக்கிறது. சாம்பலில் இருக்கிற காரம் மிச்ச அமிலத்தை முறிக்கிறது, அதன் மெல்லிய துகள் மெருகேற்றுகிறது. புளியைச் சரியாகக் கழுவாமல் விட்டால் சீக்கிரமே பச்சை பிடிப்பது இந்த மிச்ச அமிலத்தால்தான். இதையெல்லாம் வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆனால் என் வீட்டு அங்கணத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமை வேலை எங்கள் இரண்டு பேருக்கும் பொது. ஐந்து விளக்கை இரண்டாகக் குறைத்தோம். மற்ற மூன்றும் பழைய துணியில் பொதிந்து, நெல் போடுகிற மரப் பத்தாயத்துக்குள் போயின. மாமிக்கு முதலில் அது பிடிக்கவில்லை, இரண்டு மூன்று வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவளே நடையில் வந்து உட்கார்ந்து, “அந்தத் தட்டுக்க அடியில இன்னும் கறுப்பு இருக்கு மக்கா” என்று மகனுக்குச் சொல்ல ஆரம்பித்தாள்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், ஒரே ஆளின் தலையில் விழுகிற சடங்கில் அழகு இருக்காது. பார்ப்பவர்களுக்கு அழகாகத் தெரியும், செய்கிறவளுக்குச் சுமையாக இருக்கும். உங்கள் வீட்டில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் உங்கள் கணவரும் கையை நனைக்க வேண்டும். அது நடக்காத வீட்டில் நான் சொல்கிற மற்ற எதுவும் நிலைக்காது. அவரிடம் முதலில் பேசிவிட்டு மேலே படியுங்கள் என்றுகூடச் சொல்வேன்.

சாயங்காலம் விளக்கு ஏற்றும்போது ஒரு காரியம் செய்து பாருங்கள். பத்து நிமிஷத்துக்கு மற்ற லைட்டையெல்லாம் அணைத்துவிடுங்கள். எங்கள் பக்கம் தேங்காய் எண்ணெய் ஊற்றுவோம், கிழக்கே போகப்போக நல்லெண்ணெய். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழி விடியலில் தட்டில் வெள்ளையாகக் கட்டிக் கிடக்கும். திரியைக் கொளுத்தினால் தீபத்தைச் சுற்றி முதலில் பொட்டு அளவு உருகும், பிறகு சின்னக் குளம், பிறகு அந்தக் குளம் மெல்ல விரிந்து ஓரத்தைத் தொடும். அந்த உருகிய எண்ணெய் திரியின் நூலிழைகளுக்கு நடுவே தானாக மேலே ஏறி, நுனியில் ஆவியாகி, அந்த ஆவிதான் எரிகிறது. பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

பத்மநாபபுரம் அரண்மனைக்கு நீங்கள் சின்ன வயசில் போயிருப்பீர்கள். 1956 நவம்பர் 1-ல் இன்றைய கன்னியாகுமரி மாவட்டமான எங்கள் நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூரின் பழைய எல்லையை விட்டுத் தமிழகத்தின் பக்கம் வந்தன, அரண்மனை மட்டும் இன்றைக்கும் கேரள அரசின் பொறுப்பில் இருக்கிறது. அடுத்த முறை போகும்போது பூமுகம் என்கிற முகப்பு மண்டபத்தில் தொங்குகிற குதிரை விளக்கின் கீழே கொஞ்சம் நில்லுங்கள். பிறகு குனிந்து உள்ளே இருக்கிற கறுப்புத் தரையைப் பாருங்கள். மரக்கூரையின் நிழல் அதில் தெரியும். தேங்காய்ச் சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் சேர்த்துப் போட்ட தரை என்று சொல்வார்கள். எங்கள் வீட்டுச் சிவப்புச் சிமெண்டுத் தரைக்கு அந்தப் பெருமை கிடையாது. ஆனால் மாதத்துக்கொரு தரம் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் தேய்த்து, நாலு நாள் நடந்து பழகினால், முற்றத்து வெளிச்சம் அதில் விழுந்து நடை வரைக்கும் வரும்.

இனி பூ. உங்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். தோவாளைச் சந்தையில் விடியுமுன்னே வியாபாரம் நடந்து, பூ வண்டியேறி உங்கள் ஊருக்கு வந்துவிடும். சாலைக் கடைத்தெருவில் பிச்சிப்பூ கிடைக்கும். கட்டிய சரமாக வாங்காதீர்கள். உதிரி மொட்டாக நூறு கிராம் வாங்கி, ஈரத் துணியில் சுற்றி வையுங்கள். வாழைநார் கிடைத்தால் அதை ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் ஊறப் போடுங்கள். காய்ந்த நார் மொட்டின் காம்பை அறுக்கும், ஊறிய நார் சொன்னபடி கேட்கும்.

இரண்டு மொட்டு இந்தப் பக்கம் பார்க்க, இரண்டு மொட்டு அந்தப் பக்கம் பார்க்க, காம்புகள் நடுவில் ஒன்றையொன்று தாண்டிக் கிடக்க வேண்டும். நாரை ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் ஒரு கண்ணி போட்டு, காம்பில் மாட்டி இழுக்க வேண்டும். இறுக்கினால் காம்பு அறுந்து மொட்டு கீழே விழும். தளர்த்தினால் தலையில் வைக்கும்போது உதிரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இழுப்பு இருக்கிறது. அதைச் சொல்லித்தர முடியாது, ஒரு வாரத்தில் விரலுக்கே தெரிந்துவிடும். முதல் நாள் ஒரு முழம் கட்ட ஒரு மணி நேரம் ஆகும், பிறகு கண்ணை மூடிக்கொண்டு கட்டலாம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் இன்னொன்று. பிச்சி மொட்டு சாயங்காலம் விரியும். ஐந்தரை மணிக்கு உட்கார்ந்தால், கட்டக் கட்ட மொட்டுகள் கையிலேயே வாய் திறக்க ஆரம்பிக்கும். மணம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். இருட்டில் பறக்கிற விட்டில்களைக் கூப்பிடுவதற்காக அந்தச் செடி சேர்த்து வைத்த வாசனை அது, அதனால்தான் வெள்ளை நிறமும் இரவு நேரமும். நீங்கள் ஆபீஸ் விட்டு வருகிற நேரத்துக்கு அது சரியாகப் பொருந்துகிறது. இரண்டு கையும் நாரில் மாட்டிக்கொண்டு இருப்பதால் போனை எடுக்க முடியாது. வாயும் காதும் மட்டும் சும்மா இருக்கும், அதனால் பேச்சு வரும். எங்கள் தெருவில் பூ கட்டும் நேரத்தில் பேசப்பட்ட அளவுக்கு மனசுவிட்ட பேச்சு வேறு நேரத்தில் நடந்ததாக எனக்கு நினைவில்லை.

தோவாளை மாணிக்க மாலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அரளிப் பூவை மடித்து மடித்து, பாய் முடைகிற மாதிரி, தட்டையாகக் கட்டுவார்கள். அது தலைமுறை தலைமுறையாக வருகிற கைத்தொழில், நாம் வீட்டில் முயல வேண்டியதில்லை. ஆனால் ஒரு தரம் சந்தைக்குப் போய், அதைக் கட்டுகிறவர் பக்கத்தில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். நான்கு பூவுக்குத் தடுமாறிய நமக்கு அப்போதுதான் அந்தக் கையின் அருமை தெரியும்.

அடுக்களையில் ஒரு வேலையை மட்டும் தேர்ந்தெடுங்கள் என்றால் வறுத்த தேங்காயை அரைத்து வைக்கிற குழம்பான தீயலுக்குத் தேங்காய் வறுப்பதை நான் சொல்வேன். உங்கள் அம்மை வைக்கிற உள்ளித்தீயலை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கை துருவிய தேங்காய், நாலைந்து உள்ளி என்கிற சின்ன வெங்காயம், ஒரு இணுக்கு கறிவேப்பிலை, பத்துப் பன்னிரண்டு நல்லமிளகு, அடி கனத்த சட்டி, சிறு தீ. இருபது நிமிஷத்துக்குக் குறையாது. முதலில் ஈரம் ஆவியாகிப் போகிற வரைக்கும் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். அந்த இடத்தில்தான் எல்லாரும் தீயைக் கூட்டிக் கெடுக்கிறார்கள். பொறுத்துக் கிளறினால் ஓரத்தில் மஞ்சள் தட்டும். பிறகு சுட்ட பணியாரத்தின் மணம். பிறகு செப்பு நிறம். அதையும் தாண்டி, காப்பிக்கொட்டை நிறத்துக்கு ஒரு படி முன்னால் அடுப்பை அணைத்துவிட வேண்டும். அணைத்த பிறகு மல்லிப்பொடியும் வத்தல்பொடியும் போட்டால் சட்டியின் சூடே அவற்றுக்குப் போதும். ஆறியதும் தண்ணீர் விடாமல் அரைத்தால் தேங்காய் தன் எண்ணெயை விட்டு மையாகும்.

அந்த நிறமாற்றத்துக்கு மயார் வினை என்று பெயர். 1912-ல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமீல் மயார் அதை விவரித்தார். சர்க்கரையும் புரதத்தின் அமினோ அமிலங்களும் சூட்டில் சேர்ந்து நிறமும் மணமும் தருகிற வினை. தோசையின் முறுகல், வறுத்த காப்பிக்கொட்டை, ரொட்டியின் மேல்தோல் எல்லாம் அதே குடும்பம். புத்தகத்தில் அது ஒரு சமன்பாடு. சட்டியில் அது ஒவ்வொரு நிமிஷமும் ஒரு புது மணம். ஒரு தரம் நடுவில் போன் வந்து எடுக்கப் போனேன், திரும்பி வருவதற்குள் கரிந்துவிட்டது. கரிந்த தேங்காய்க்குப் பரிகாரம் கிடையாது, சட்டியோடு கொட்ட வேண்டியதுதான். அன்று முதல் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வருகிற போனை நான் எடுப்பதில்லை. சொந்தக்காரர் எல்லாருக்கும் இப்போது அது தெரியும்.

கோலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அடுக்குமாடியில் உங்களுக்குக் கிடைப்பது கதவுக்கு முன்னால் இரண்டு சாண் இடம். அது போதும். ஒன்று, மூன்று, ஐந்து, மூன்று, ஒன்று என்று 13 புள்ளி வையுங்கள். வளைகோடு எங்கே தொடங்கியதோ அங்கேயே வந்து முடிய வேண்டும். நம் வாசல் கோலங்களைக் கணினிக்குப் புரிகிற இலக்கண விதிகளாக எழுதலாம் என்று கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வெள்ளிக்கிழமையில் பொடிக்குப் பதிலாக மாக்கோலம் போட்டுப் பாருங்கள். ஊறவைத்த பச்சரிசியை நீர்க்க அரைத்து, சின்னத் துணியை அதில் நனைத்து, மோதிர விரல் வழியாக ஒழுகவிட்டு இழுக்க வேண்டும். போடும்போது தரையில் ஈரம் மட்டும்தான் தெரியும். உள்ளே போய்க் காப்பி போட்டுக் குடித்துவிட்டு வந்து பார்த்தால் வெள்ளைக் கோலம் எழுந்து கிடக்கும். எத்தனை வருஷம் போட்டும் அந்தக் கணம் எனக்கு அலுக்கவில்லை.

காப்பி என்றதும் ஒன்று. எங்கள் பக்கம் “காப்பி குடிச்சாச்சா?” என்று கேட்டால் பலகாரம் சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். நீங்கள் இருக்கிற ஊரிலும் அப்படித்தான். அந்தக் கேள்விக்குப் பதிலாகப் புட்டும் மட்டிப் பழமும் இருக்குமானால் அந்த நாள் நல்ல நாள். கன்னியாகுமரி மட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு வந்தது, ஆனால் பாலில் மசித்த மட்டிப் பழத்தைத்தான் எங்கள் பிள்ளைகளுக்கு முதலில் ஊட்டுவோம் என்பது அதைவிடப் பெரிய சான்றிதழ்.

சடங்கு என்று கேட்டீர்களே, எனக்குத் தெரிந்ததிலேயே ஆகச் சந்தோஷமான சடங்கு ஒளவையார் நோன்பு. “அசந்தால் ஆடி, தப்பினால் தை, மறந்தால் மாசி” என்பார்கள். அந்த மாதங்களின் செவ்வாய்க்கிழமை இரவு, ஆண்கள் தூங்கிய பிறகு, தெருப் பெண்கள் ஒரு வீட்டில் கூடுவோம். பச்சரிசி மாவில் உப்பில்லாமல் கொழுக்கட்டை பிடிப்போம், விதவிதமான உருவங்களில். ஆண்கள் அதைப் பார்க்கவும் கூடாது, தின்னவும் கூடாது. ஒரு முதிய பெண் கதை சொல்லுவாள். பத்து வயதில் அம்மையின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நான் முதல்முறை போனேன். உப்பில்லாத கொழுக்கட்டையில் ருசி ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் வீட்டில் வாயே திறக்காத சித்திகள் எல்லாம் அந்த ராத்திரியில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். பகல் முழுக்க எல்லாருக்கும் வேலை செய்த பெண்கள் தங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்ட சில மணி நேரம் அது. விடிவதற்குள் கொழுக்கட்டையெல்லாம் தின்று தீர்த்து, இடத்தைத் துடைத்து, ஒன்றும் நடக்காத மாதிரி வீட்டுக்கு வருவோம். உங்கள் அடுக்குமாடியில் எந்த மதத்துப் பெண்ணாக இருந்தாலும், மூன்று பேர் சேர்ந்து மாதத்தில் ஒரு இரவு மாவு பிசையலாம். பெயர் எதுவும் வைக்க வேண்டாம்.

வருஷத்துக்கு ஒருமுறை வருவதற்கென்று ஒரு பதார்த்தத்தையும் ஒதுக்கி வையுங்கள். எங்களுக்குத் திருக்கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டை. பனங்குருத்தோலைக்குள் அரிசி மாவு, கருப்பட்டி, தேங்காய், சுக்கு, ஏலம் சேர்ந்த கலவையை வைத்துக் கட்டி ஆவியில் வேகவைப்பது. மேற்கே விளவங்கோடு பக்கம் போனால் திரளி இலையில் செய்வார்கள். ஓலை வெந்த மணம் அன்று தெரு முழுக்க நிற்கும். நினைத்த நாளில் செய்யலாம்தான், மாவும் கருப்பட்டியும் எப்போதும் கிடைக்கின்றன. செய்வதில்லை. மற்ற நாளெல்லாம் இல்லாததால்தான் அந்த ஒரு நாளுக்கு அந்த மணம்.

மழைக்கும் அப்படித்தான். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு, இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி மழையும். முதல் பெருமழை விழுகிற அன்று எங்கள் வீட்டில் மரச்சீனிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. விசாகம் திருநாள் மகாராஜா 1880 முதல் 1885 வரை ஆண்டவர், திருவிதாங்கூரில் இந்தக் கிழங்கைப் பரப்பியவர் என்று அவருக்குப் பெயர். தோலுரித்து, துண்டு துண்டாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் திறந்து வைத்து வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கட்டாயம் வடித்துக் கொட்டிவிடுங்கள். கிழங்கில் சயனைடை விடுவிக்கிற லினமரின் என்ற பொருள் இருக்கிறது, அதை நீக்கத்தான் இத்தனை தண்ணீர். காந்தாரி மிளகும் உள்ளியும் உப்பும் சதைத்து, மேலே பச்சைத் தேங்காய் எண்ணெய் விட்டுத் தொட்டுக்கொள்ள வேண்டும். மழை, சூட்டுக் கிழங்கு, காரத்தில் கண்ணில் வருகிற தண்ணீர். அன்றைக்குத் தட்டு கழுவுவதுகூட வேலையாகத் தெரியாது.

அழகு என்றதும் கடைக்குப் போய்விடாதீர்கள். வாசனை மெழுகுவர்த்தி, புது மேசைவிரிப்பு, பித்தளை உருளி, அதில் பிளாஸ்டிக் தாமரை என்று வாங்கி வைத்த வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்று மாதத்தில் அவையும் துடைக்க வேண்டிய சாமான்களில் சேர்ந்துவிடும். போட்டோ எடுத்து அனுப்புவதையும் முதல் ஆறு மாதத்துக்கு விட்டுவிடுங்கள். எடுத்தால் கை அதற்காகச் செய்யத் தொடங்கிவிடும்.

சாமி நம்பிக்கை இல்லாவிட்டால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வலதுபக்க வீடு கிறிஸ்தவ வீடு. இரவு எட்டு மணிக்கு வேலை எல்லாம் அப்படியே நிற்கும், குடும்ப ஜெபம் நடக்கும், சின்னப் பிள்ளை குரலில் பாட்டுக் கேட்கும். இந்தப் பக்கம் எனக்கு அதுதான் அடுப்பை அணைக்கிற மணி. என் கணவர் கோயிலுக்கே போகாதவர், விளக்குத் தேய்ப்பதை ஒரு வியாழன்கூட விட்டதில்லை. நம்பிக்கை இருந்தால் அதற்கு ஒரு இடம் உண்டு, இல்லாவிட்டாலும் காரியம் குறைப்படாது.

கடைசியாக உங்கள் மகன். கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரே காரியம் ஒரே நேரத்தில் திரும்பத் திரும்ப நடப்பது ரொம்பப் பிடிக்கும். நீங்கள் மறந்தாலும் “இன்னைக்கு வியாழன்லா?” என்று அவன் கேட்பான். தீக்குச்சியை அவன் கையில் கொடுக்க வேண்டாம். நாரை ஊறப்போடுவது, உள்ளி உரிப்பது, விளக்குத் தட்டில் கரண்டியால் எண்ணெய் விடுவது அவன் வேலை. துவைத்துக் காய்ந்த எட்டு முழ வேட்டியை அவனோடு சேர்ந்து மடியுங்கள். ஆளுக்கொரு முனையைப் பிடித்து, விறைப்பாக இழுத்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். மூன்று தரம் நடந்தால் வேட்டி கைக்குள் வந்துவிடும், அவனும் உங்கள் முட்டில் வந்து இடிப்பான்.

ஓணத்துக்கு முன்னால் சிங்க மாதம் அத்தம் தொடங்கியதும் உங்கள் ஊரில் அத்தப்பூக் கோலம் வரும், பத்து நாள். கிரேந்தியும் வாடாமல்லியும் எங்கள் தோவாளையிலிருந்துதான் மூட்டை மூட்டையாகப் போகும். அவற்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் தும்பைப் பூவை மட்டும் விலைக்கு வாங்காதீர்கள். மழைக்குப் பிறகு காலி மனைகளிலும் சாலையோரத்திலும் தானாக முளைத்துக் கிடக்கும். காலையில் மகனைக் கூட்டிக்கொண்டு போங்கள். பச்சைக் குடுவைக்குள்ளிருந்து அந்த வெள்ளைப் பூவை மட்டும் இரண்டு விரல் நுனியால் உருவி எடுக்க வேண்டும். பெரியவர்கள் விரலில் அது கசங்கும், பிள்ளைகள் விரலுக்குச் சரியாக வரும். அடிநுனியை நாக்கில் வைத்தால் ஒரு துளி தேன் இனிக்கும், அதையும் அவனுக்குக் காட்டிக்கொடுங்கள். ஒரு சிரட்டை நிறைய முக்கால் மணி நேரம் ஆகும். பறித்ததில் பாதியை அவன் வழியிலேயே சிந்துவான், அதற்காகத் திட்டாமல் இன்னும் கொஞ்சம் பறித்துக்கொண்டு வாருங்கள்.